அடியில் ஓடும் குரல்

தொலைக்காட்சியில் ‘எல்லையின் குரல்’ நிகழ்ச்சியின் முகப்பு இசை ஆரம்பித்ததும் மருமகள் வழக்கம்போல எழுந்துவிட்டாள். பாதிச் சாப்பாட்டுத் தட்டோடு அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அங்கே கழுவ ஒரு கரண்டிகூடக் கிடையாது. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் குரல்காரம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருவே அவளைக் குரல்காரம்மா என்றுதான் கூப்பிடும். அரசுத் தொலைக்காட்சியில் பின்னணிக் குரல் கொடுப்பது அவள் வேலை. மலைமாவட்டத்து ஆட்கள் தங்கள் மொழியில் பேசுவதைப் படம்பிடித்துக்கொண்டு வருவார்கள். அதன்மேல் அவள் நம் மொழியில் பேசுவாள். ஆண்களுக்கு வேறு ஆட்கள் உண்டு. பெண்கள் என்றால், அதிலும் அழுகிற பெண்கள் என்றால், அவளை விட்டால் நிலையத்துக்கு வேறு கதி இல்லை. வீடு எரிந்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், கலகக்காரர்களிடமிருந்து ராணுவம் மீட்டுக் கொண்டுவந்தவள் என்று எத்தனையோ பேருக்காக அழுதிருக்கிறாள். எந்தச் சொல்லில் தொண்டையை அடைக்கவிட வேண்டும், எங்கே மூச்சை விட்டு உடைய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காய்கறிக் கடைக்காரர், “நேத்து உங்க குரலக் கேட்டுட்டு எங்க வீட்ல யாருமே சாப்பிடலம்மா” என்று சொல்லி ஒரு கை பச்சைமிளகாயைச் சும்மா அள்ளிப் போடுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அப்படி ஊரே உச்சுக்கொட்டுகிற வேலை. சொந்த மருமகளுக்கு மட்டும் அது காதில் விழக்கூடாதாம்! குரல்காரம்மாவின் கணவரானால் அதற்கு நேர்மாறு. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெட்டிதான் அவருக்கு உலகம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்காருவார். படத்தில் ஒரு மலைக்காரன் வந்தால், “பாரு, முழியப் பாரு. இவனுங்கள நிக்க வச்சுச் சுடணும்” என்பார். மலைக்காரி வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அழுவது தன் மனைவிதான் என்பது தெரிந்தும் துடைத்துக்கொள்வார்.

அன்றைக்குக் குரல்காரம்மா கையைக்கூடக் கழுவாமல் அடுப்படிக்குப் போனாள்.

“ஏம்மா, என் வேலை உனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா?”

மருமகள் குழாயை மூடினாள். மகன் மலைமாவட்டத்தில் சாலை போடும் வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண் அவள். அவன் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டான், இவள் இங்கே. தெருவில் தூரத்து உறவு என்று சொல்லி வைத்திருந்தார்கள். ‘இந்த வீட்ல உங்க மொழி வேண்டாம்மா, சுவருக்கும் காது இருக்கு’ என்று வந்த அன்றைக்கே சொன்னதும் குரல்காரம்மாதான். நல்லதுக்குத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம் தூக்கத்தில்கூட அந்த மொழியில் முனகியதில்லை.

“கேவலம்னு இல்ல அத்தை.”

“பின்ன?”

“அந்தம்மா அப்படிச் சொல்லல.”

“எந்தம்மா?”

“இப்போ டிவியில பேசினாங்களே. குழாயத் திறந்து விட்டாலும் காதுல விழுது. ராணுவத்துக்குக் கோடி நன்றின்னு நீங்க சொல்றீங்க. அவங்க, ‘அந்தக் கேமராவ அணைங்க, தலைல துணிகூட இல்ல எனக்கு’ங்கிறாங்க. கடைசியில, ‘நான் வீட்டுக்குப் போலாமா’ன்னு கேக்கறாங்க. நடுவுல என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நடுவுல நீங்கதான் இருக்கீங்க.”

இது விளங்க நிலையத்தின் வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பின்னணிக் குரல் எடுத்தவுடனே ஆரம்பிக்காது. முதல் இரண்டு விநாடி பேசுகிறவரின் சொந்தக் குரலே முழுசாக ஓடும். பிறகு அதை அமுக்கி அடியில் ஓடவிட்டு, மேலே இவள் பேசுவாள். இவள் முடித்ததும் கடைசியில் மறுபடி இரண்டு விநாடி அந்தக் குரல் மேலே வரும். ‘அப்பதாம்மா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், நாம சொல்றது அவங்க சொன்னதுதான்னு’ என்று தயாரிப்பாளர் ஒருமுறை விளக்கியிருந்தார். மலைமொழி தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார்கள், கட்டடத்தில் கல் சுமக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம். அவர்களுக்குக் காது உண்டு என்பதைக்கூட எந்த அதிகாரியும் யோசிக்கவில்லை.

குரல்காரம்மா அன்றைக்கு அதை நம்பவில்லை. தன் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் இந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்றுதான் நினைத்தாள். சட்டென்று அப்படித்தானே நினைக்கத் தோன்றும்? ஆனாலும் அந்த ‘தலைல துணிகூட இல்ல’ அவளைத் தூங்கவிடாமல் அரித்தது. கதை கட்டுகிறவள் இன்னும் பெரிதாக ஏதாவது கட்டியிருப்பாளே. இப்படி அற்பமாக ஒரு துணியையா சொல்வாள்?

சரி, பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள். நிலையத்தின் வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாசித்து முடித்த தாளை ஒலிப்பதிவுக்காரர் கையோடு திருப்பி வாங்கிவிடுவார். ஒரு துண்டுக் காகிதம் வெளியே போக வழியில்லை. ஆனால் காதுக்குள் போட்ட கருவியில் மூலக்குரல் முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கும். தன் முறைக்குக் காத்திருக்கும்போது ஆண்களுடையதும் கேட்கும். சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. யார் பேசினாலும், பொருள் தெரியாவிட்டாலும், ஏற்ற இறக்கம் மாறாமல் அப்படியே திருப்பிச் சொல்வாள். இருமலைக்கூட விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறாள், பிற்பாடு அதற்காகத்தான் இந்த வேலையே கிடைத்தது. வாய்க்குள் இருப்பதை எந்த வாசலில் வாங்கி வைப்பார்கள்?

முதல் நாள் அவள் கொண்டுவந்தது ஒரு ஆடு மேய்க்கிறவன் பேச்சை. விவசாய நிகழ்ச்சிக்கானது. அதில் பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லை, அதனால் தாளில் இருந்ததே அதன் பொருள். கதவைச் சாத்திக்கொண்டு மருமகளிடம் ஒரு மூச்சில் ஒப்பித்தாள். தன் மொழியை மாமியார் வாயில் கேட்டதும் அந்தப் பெண் வெலவெலத்துப்போனாள். பிறகு, “மழை லேட்டாயிடுச்சு, குட்டிங்களுக்குக் காணை நோய் வருதுன்னு சொல்றாரு” என்றாள். சரிதான்.

மறுநாள் கொண்டுவந்தது ஒரு பொறி. புதுச் சாலையைப் பற்றி ஒரு பெரியவர் நிஜமாகவே பாராட்டிப் பேசியது. அவருக்குக் குரல் கொடுத்த ஆளுக்குக் கொஞ்சம் மலைமொழி தெரியும், அந்த ஆளே இவளிடம் ஆச்சரியப்பட்டுச் சொன்ன விஷயம் அது. மருமகள் பொய்க்காரியானால் இதைத் திட்டாக மாற்றிச் சொல்ல வேண்டும். அவள் கேட்டுவிட்டு, “ரோடு நல்லா இருக்காம். ஆம்புலன்ஸ் வருதாம் இப்போ. நல்லா இருக்கட்டும் போட்டவங்கன்னு வாழ்த்தறாரு” என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, “உங்க பையனையும் சேர்த்துத்தான் அத்தை” என்றாள்.

அதற்கு மேல் சோதிக்க என்ன இருக்கிறது? இப்போது அவள் பயந்துகொண்டேதான் மற்றதையெல்லாம் கொண்டுவந்தாள். ‘கலகக்காரர்கள் என் வீட்டை எரித்தார்கள்’ என்று இவள் குரலில் அழுத பெண், எந்த வண்டியில் வந்து எரித்தார்கள் என்று வண்டியின் நிறத்தையே சொல்லியிருந்தாள். அது ராணுவ வண்டியின் நிறம். ‘என் மகன் மனம் திருந்திவிட்டான்’ என்று இவள் குரலில் விம்மிய தாய், மகன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கக் குரல்காரம்மாவுக்கு உடம்பே எரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தாளில் எழுதிக் கொடுத்த படித்த கழுதைகள்மேலா? ‘நம்பிக்கை வரும்மா’ என்று சிரித்த தயாரிப்பாளர்மேலா? தொண்டையை அடைத்து அடைத்து அழுது ஊரை நம்ப வைத்த தன்மேலா? அத்தனை பேர் வாயையும் ஒரே ஆளாக நின்று பொத்தியிருக்கிறாள்! அதற்குச் சம்பளம் வேறு!

அந்தக் கோபம் முதலில் கணவர்மேல்தான் விழுந்தது. அவர் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“எதுக்குங்க அழறீங்க?”

“நகரு. அந்தம்மா பாவம், எப்படி அழறா பாரு.”

“அந்தம்மா எங்கங்க அழுதாங்க? அழுதது நான். அவங்க மூஞ்சியப் பாருங்க. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இருக்கா? சத்தத்தக் குறைச்சிட்டுப் பாருங்க.”

அவர் முறைத்தார். “என்ன பேசற நீ? கவர்மெண்டு டிவியிலயா பொய் சொல்லுவாங்க? நீயே அங்க சம்பளம் வாங்கற.”

“அதனாலதான் சொல்றேன்.”

அவர் ரிமோட்டைத் தேடி எடுத்தார். சத்தத்தைக் குறைத்தார். சத்தமில்லாத படத்தில் ஒரு பெண் யாரிடமோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகிற வாய் அப்படித் திறக்காது. இரண்டு நாள் கழித்து அவரே, நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது அடுப்படிப் பக்கம் பார்த்து, யாரிடமோ சொல்வது போல, “வந்து இப்படி உட்காரும்மா. அந்த ஆளு மொதல்ல என்னமோ சொல்றானே, அது என்ன?” என்றார். நிக்க வச்சுச் சுடவேண்டிய ஆள் அவன். மருமகள் வாசற்படியில் நின்றபடியே, “கால் வலிக்குது, உட்கார்ந்து பேசட்டுமான்னு கேக்கறான் மாமா” என்றாள். அவர் எழுந்து பெட்டியை அணைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நர்ஸின் வழக்கு வந்தது.

மலைமாவட்டத்தில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் ஒருத்தி. குடிநீர்த் தொட்டியில் விஷம் கலந்து குழந்தைகளைக் கொன்றாள் என்று கைது செய்திருந்தார்கள். அவளைத் தூக்கில் போட வேண்டும் என்று நிலையம் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தது. தீர்ப்புக்கு முந்தின நாள் மாலை சிறப்பு நேரலை. அதில் இறந்துபோன ஒரு பையனின் தாய் பேசுகிற படம் வரும். நேரலையிலேயே அதன்மேல் குரல்காரம்மா பேச வேண்டும்.

“பதிவு பண்ணி வச்சுப் போட்டா சூடு ஆறிடும்மா” என்றார் தயாரிப்பாளர். அவள் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு, எப்போதும் சட்டையில் மடிப்புக் கலையாது. “நீங்க அழுதா நாடே அழும். நாளைக்கு நீதிபதியும் வீட்ல டிவி பாக்கறவர்தானே?”

நேரலைக்கு முந்தின நாள் ஒத்திகைக்காக ஒரே ஒரு தடவை படத்தை ஓட்டினார்கள். திடகாத்திரமான பெண். ஒரு சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். குரல்காரம்மாவின் கையில் இருந்த தாளில், ‘அந்தப் பாதகி என் பிள்ளையைக் கொன்றாள், அவளைச் சும்மா விடாதீர்கள்’ என்று இருந்தது. காதில் கேட்ட குரலை அவள் ஒரு மூச்சு விடாமல் வாங்கிக்கொண்டாள். பேருந்தில் யாரும் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அடுப்படியில் நின்று அதை ஒப்பித்தாள். கோபம், இழுப்பு, நடுவில் ஒரு செருமல், எல்லாம் அப்படியே. கணவரும் வந்து கதவோரம் நின்றார். முடிந்ததும் மருமகள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் பேசிய அதே வேகத்தில், அதே கோபத்தில் சொன்னாள்.

“‘தொட்டித் தண்ணிய குடிக்காதீங்க, ராணுவ முகாம் சாக்கடை அதுல கலக்குதுன்னு வீடு வீடா வந்து சொன்னவ அவ. என் பையனத் தோள்ல போட்டுட்டு மலையிறங்கி ஓடினவ அவ. சோதனைச் சாவடியில கதவத் திறக்கல. விடியட்டும்னாங்க. அவ தோள்லயே போயிட்டான் என் புள்ள. கதவத் திறக்காதவன விட்டுட்டு, தூக்கிட்டு ஓடினவளப் பிடிச்சு வச்சிருக்கீங்களேடா, வெட்கமா இல்ல உங்களுக்கு?’ அவ்வளவுதான் அத்தை.”

நாளைக்கு இதன்மேல் ஏறி நின்றுகொண்டு குரல்காரம்மா அழ வேண்டும். அதைக் கேட்டுக் காய்கறிக்காரர் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அந்த நர்ஸைத் தூக்கில் போடுவார்கள்.

“உடம்பு சரியில்லன்னு போகாம இருந்துடு” என்றார் கணவர்.

“நான் போகலன்னா வேற ஒருத்தி. ஒழுங்கா அழத் தெரியாதவளா இருந்தாலும் அழுது வச்சிடுவா.”

“அப்ப உண்மையச் சொல்லிடப் போறியா?”

அவளுக்கும் அந்த ஆசை வந்தது. இந்த வீட்டு அடுப்படியில் கேட்டதை அப்படியே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. ஆனால் மருமகள் முகத்தைப் பார்த்தாள். மலைமொழி தெரியாத உனக்கு இதை யார் சொன்னது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி நேரே இந்த வீட்டுக்கு வரும். அந்தப் பெண்ணும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் போல. ஆனால் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததுதான் குரல்காரம்மாவை அறுத்தது.

விடியும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. நிலையத்தில் எதைச் செய்தாலும் மன்னிப்பு உண்டு, நேரலையில் சத்தமில்லாமல் போவதற்கு மட்டும் கிடையாது. ஒரு தடவை தலைவரின் உரைக்கு நடுவில் கொஞ்ச நேரம் சத்தம் நின்றுபோனதற்கு ஒரு ஒலிப்பதிவுக்காரரை வீட்டுக்கே அனுப்பினார்கள். அதிலிருந்து அத்தனை பேருக்கும் அந்தப் பயம் எலும்பில் ஏறியிருந்தது. மேல்குரல் வரவில்லையென்றால் அடிக்குரலை அமுக்க எவனுக்கும் கை வராது. அமுக்கினால் ஒன்றுமே கேட்காது. அதுதானே அவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம்?

கேட்டதைப் புரிந்துகொள்ள ஊருக்கு மலைமொழி தெரியாது, உண்மைதான். ஆனால் கோபத்துக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாத காது எங்கே இருக்கிறது? ஏன் இவள் அழவில்லை என்று ஒரு வீட்டிலாவது கேட்க மாட்டார்களா? என்ன சொல்கிறாள் என்று தரை துடைக்கிறவளிடம் யாராவது போய்க் கேட்க மாட்டார்களா? கேட்பார்களோ மாட்டார்களோ. தொண்டை கட்டிக்கொண்டது என்று அவள் சொல்லிக்கொள்ளலாம். அதை யாரும் நம்பப் போவதில்லை, ஆனால் அதிலிருந்து மருமகள்வரை வருவதற்கு வழியும் இல்லை.

மாலையில் அவள் செருப்பைப் போடும்போது மருமகள் வாசல்வரை வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நேரலை பார்ப்பதற்கு அதற்குள்ளேயே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் இன்னிக்கு எழுந்து போக மாட்டேன் அத்தை” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று குரல்காரம்மா கேட்கவில்லை. கேட்டால், அந்தப் பெண்கள் முன்னால் வாய் திறக்காதே என்று தடுக்கத் தோன்றும்.

சின்ன அறை. எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர், அவருக்குப் பின்னால் மடிப்புக் கலையாத சட்டையோடு தயாரிப்பாளர். அமைச்சர் ஒருவர் அரங்கத்தில் பேசி முடித்தார். இப்போது அந்தத் தாயின் கண்ணீரைப் பாருங்கள் என்றார் தொகுப்பாளர். திரையில் அந்தப் பெண் வந்தாள்.

முதல் இரண்டு விநாடி முழுசாக ஓடியது. ஒலிப்பதிவுக்காரர் வழக்கம்போல விரலை நீட்டினார், பேசலாம் என்று. குரல்காரம்மா வாயைத் திறந்தாள், தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், வாயை மூடிக்கொண்டாள்.

ஒலிப்பதிவுக்காரரின் இன்னொரு கை அந்தப் பெண்ணின் குரலை இறக்குவதற்குத் தயாராகக் குமிழின்மேல் இருந்தது. அது இறங்கவில்லை. “அக்கா, என்னாச்சு? அக்கா!” என்று அவர் குரல் காதுக்குள் கெஞ்சியது. தயாரிப்பாளர் கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினார். கண்ணாடி தடிமனானது. தட்டியது கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அந்த மலைக்காரியின் குரல்தான். யாரும் மேலே ஏறி நிற்காத குரல். ஒத்திகையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. நகரத்தின் கூடங்களிலெல்லாம், கடைகளிலெல்லாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் மாட்டிய பெட்டியிலெல்லாம் அது இப்போது திட்டிக்கொண்டிருக்கிறது என்று குரல்காரம்மா நினைத்துக்கொண்டாள். தயாரிப்பாளர் குனிந்து குமிழை நோக்கிக் கையை நீட்டினார். ஒலிப்பதிவுக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அகல விரித்து அந்தக் குமிழை மூடிக்கொண்டார்.

திரையில் அந்தப் பெண் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டிக் கேமராவுக்கு நேராக ஆட்டி ஆட்டி, வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். விரல் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் அவள் முகமே தெரியாதபடி திரையை அடைத்தது.